வேலை எங்கே சிக்கியது? காதில் விழும் வாக்கியத்தை வைத்துத் திட்டத்தின் பழுதைப் பிடிப்பது

துணி துவைக்கும் இயந்திரம் வாங்கினால் கூடவே ஒரு கையேடு வரும். அதன் கடைசிப் பக்கங்களில் ஒரு பக்கம் அறிகுறி, எதிரே செய்ய வேண்டியது. தண்ணீர் வடியவில்லையா, வடிகட்டியைக் கழற்றிப் பார். நான் திட்ட மேலாண்மை படித்த வகுப்பில் அப்படி எதுவும் தரவில்லை. தொடக்கம், திட்டமிடல், செயல்படுத்தல், கண்காணிப்பு, நிறைவு என்று ஐந்து கட்டங்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். தப்பில்லை. ஆனால் சைட்டில் எதுவும் அந்த வரிசைப்படி கெட்டுப்போவதில்லை. திங்கள்கிழமை காலை ஏழரைக்குப் போன் அடிக்கும். அதில் வரும் முதல் வாக்கியத்தை வைத்துத்தான் என்ன நோய் என்று பார்க்க வேண்டும்.

கடை, கிளினிக், துணைப்பாட நிலையம் என்று சிங்கப்பூரில் உள்ளலங்கார வேலைகளை எடுத்துச் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் பல வருடமாக இருக்கிறேன். பழுது கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்துவிடும் என்பது இத்தனை நாளில் பழகிப்போன விஷயம். தமிழ் பேசுகிற சைட்டில் அது திரும்பத் திரும்ப அதே ஒன்பது வாக்கியங்களாகத்தான் வரும். அவற்றையே கீழே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்களிடம் யார் எதைச் சொல்கிறார்களோ அந்தத் தலைப்புக்குப் போங்கள், வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. மென்பொருள் வேலையில் இருப்பவர்களும் கோவில் திருவிழா நடத்துபவர்களும்கூட இதே வாக்கியங்களைக் கேட்டிருப்பார்கள்.

உதாரணத்துக்குப் பெரும்பாலும் ஒரே வேலையை எடுத்துக்கொள்கிறேன். சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு தெருவில், பழைய கடைவீட்டில் சாப்பாட்டுக் கடை. தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால் திறந்தாக வேண்டும்.

முதலில் ஒரு சோதனை

எந்த அறிகுறியாக இருந்தாலும் இதை முதலில் செய்துவிடுங்கள். ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள். எது நடந்தால் வேலை முடிந்ததாக அர்த்தம்? எந்தத் தேதிக்குள்? எவ்வளவு வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்)? இந்த மூன்றும் ஒன்றோடொன்று கட்டிப்போட்ட கயிறு மாதிரி. ஒன்றை இழுத்தால் மற்ற இரண்டில் ஒன்றாவது அசையும்.

முதலாளிகள் எல்லாரும் "மூணுமே அசையக் கூடாது" என்பார்கள். எங்கள் கடைக்காரரும் அப்படித்தான் சொன்னார். கேள்வியைத் திருப்பிக் கேட்டேன். "அண்ணே, திறக்க ஒரு வாரம் இருக்கு, எல்லாம் முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு. அப்ப எதை விடுவீங்க?" கொஞ்ச நேரம் யோசித்தார். "மாடியை விட்டுரலாம் தம்பி. கீழ்த்தளத்துல அடுப்பு எரிஞ்சா போதும்." அன்றைக்கு அவர் சொன்ன அந்த ஒரு பதில் பின்னால் எங்களை இரண்டு தடவை காப்பாற்றியது. உங்கள் தாளில் எதை விடுவது என்ற அந்த நான்காவது வரி இல்லையென்றால், கீழே எந்த அறிகுறியைச் சரிசெய்தாலும் அது வேறு பெயரில் திரும்பி வரும்.

"முடிஞ்ச மாதிரிதான் அண்ணே"

இதில் கவனிக்க வேண்டிய சொல் "மாதிரி". வேலை முடிந்திருக்கும், இல்லாவிட்டால் முடியாமல் இருக்கும். மாதிரி என்று நடுவில் ஒரு நிலை கிடையாது.

சோதிப்பது சுலபம். "எத்தனை சதவீதம்?" என்று கேட்காதீர்கள், 90 என்று பதில் வரும். போன வாரமும் 90, அடுத்த வாரமும் 90. முதல் 90 சதவீத வேலைக்கு 90 சதவீத நேரம் ஆகும், மீதி 10 சதவீதத்துக்கு இன்னொரு 90 சதவீதம் ஆகும் என்று மென்பொருள்காரர்களிடம் ஒரு பழைய நையாண்டி உண்டு. டைல்ஸ் ஒட்டுகிறவர்களுக்கும் அது அப்படியே பொருந்தும். "மீதி என்னென்ன?" என்று கேளுங்கள்.

எங்கள் கடையில் சமையலறைத் தரை முடிஞ்ச மாதிரி இருந்தது. நேரில் போனேன். தரை முழுக்க டைல்ஸ், பார்க்க அழகுதான். பின்வாசல் ஓரத்தில் மட்டும் ஆறு டைல்ஸ் அளவுக்குச் சிமெண்ட் தெரிந்தது. "ஆறுதானே அண்ணே, ஒரு மணி நேர வேலை." சரி, ஏன் ஒட்டவில்லை? பெட்டி தீர்ந்துவிட்டது. கடையில் அதே டைல்ஸ் இருக்கிறது, ஆனால் பெட்டியின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் லாட் எண் வேறு. லாட் மாறினால் நிறம் ஒரு நூல் மாறும். தனியாகப் பார்த்தால் தெரியாது, பழையதற்குப் பக்கத்தில் வைத்தால் பளிச்சென்று தெரியும். பழைய லாட்டைத் தேடிப் பிடிக்க ஐந்து நாள் ஆனது. ஒரு மணி நேர வேலைக்கு முன்னால் ஐந்து நாள் வேலை ஒளிந்திருந்தது. சதவீதம் கேட்டிருந்தால் 98 என்று சொல்லியிருப்பார்கள், அது பொய்யும் இல்லை.

சரிசெய்ய: வேலையைச் சின்னதாக வெட்டுங்கள். ஒரு துண்டு ஒரு நாளுக்குக் குறையாமலும் பத்து வேலைநாளுக்கு மேல் போகாமலும் இருக்கட்டும். எட்டு மணி நேரத்திலிருந்து 80 மணி நேரம் வரை என்று துறையில் ஒரு பழைய கணக்கே உண்டு. என் அனுபவத்தில் மூன்று நாளைத் தாண்டினாலே புகைமூட்டம் ஆரம்பித்துவிடும். அப்புறம் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டே மதிப்பெண் போடுங்கள்: முடியவில்லை என்றால் 0, முடிந்தால் 100. பத்துத் துண்டில் நான்குக்கு 100 வந்திருந்தால் வேலை 40 சதவீதம். கேட்கிறவருக்குக் கசக்கும், ஆனால் அந்த எண்ணை நம்பலாம்.

"ஓ.டி. போட்டும் நாள் நகரலையே"

இதுதான் பணத்தை அதிகமாக விழுங்குகிற பழுது. அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

கடை வேலையில் இரண்டு சங்கிலிகள் இருந்தன. முதலாவது புகைக்குழாய். வரைபடம் 5 நாள், அனுமதிக்கு 15 நாள், குழாய் செய்ய 8, பொருத்த 4, அதன்மேல் கூரைப்பலகை அடிக்க 3. இரண்டாவது தச்சுவேலை. அதே வரைபடம் 5 நாள், தரை டைல்ஸ் 8, தரை முடிந்தபின் அளவெடுக்க 1, பட்டறையில் அலமாரி செய்ய 14, கொண்டுவந்து பொருத்த 4. இரண்டும் முடிந்த பிறகுதான் பெயிண்ட்டும் துப்புரவும், அதற்கு 4 நாள். கூட்டிப் பாருங்கள். முதல் சங்கிலி 39 நாள், இரண்டாவது 36.

அனுமதி எதற்கு என்று கேட்கலாம். எங்கள் கடை இருக்கும் லிட்டில் இந்தியா 1989-இலேயே பாதுகாக்கப்படும் பகுதியாக அறிவிக்கப்பட்டுவிட்டது. அங்குள்ள பழைய கடைவீடுகளில் வெளித்தோற்றம் மாறும்படி எதையாவது ஏற்றுவதென்றால் நகர மறுசீரமைப்பு ஆணையத்தைக் கேட்டாக வேண்டும். எங்கள் புகைக்குழாய் பின்சுவர் வழியாக வெளியே வந்து மேலே ஏற வேண்டியிருந்தது.

எல்லார் கண்ணிலும் பட்டது டைல்ஸ்தான். தூசி, சத்தம், மண்டிபோட்டு உட்கார்ந்திருக்கும் நான்கு பேர். கடைக்காரர் பொறுமையிழந்து, இரவு பத்து மணி வரை ஓ.டி. கொடுங்கள், காசு நான் தருகிறேன் என்றார். கொடுத்தோம். எட்டு நாள் வேலை ஐந்து நாளில் முடிந்தது. இரண்டாவது சங்கிலி 36-லிருந்து 33 ஆனது. திறப்பு நாள்? அதே 39. புகைக்குழாய் அனுமதி ஏதோ ஒரு அலுவலக மேசையில் சத்தமில்லாமல் கிடந்தது. அதற்காக ஓ.டி. கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

எல்லாவற்றிலும் நீளமான சங்கிலிக்கு நெருக்கடிப் பாதை என்று பெயர். 1950-களின் கடைசியில் டூபாண்ட் என்ற ரசாயன நிறுவனமும் ரெமிங்டன் ராண்ட் என்ற கணினி நிறுவனமும் சேர்ந்து இந்தக் கணக்கைப் போட்டார்கள். அவர்களுக்கு அறை நிறையக் கணினி தேவைப்பட்டது. நம் அளவுக்கு டைல்ஸ் பெட்டி அட்டையின் பின்பக்கம் போதும். அந்தப் பாதையில் இருக்கும் வேலை ஒரு நாள் தள்ளினால் மொத்தமும் ஒரு நாள் தள்ளும். மற்ற சங்கிலிகளுக்குக் கொஞ்சம் தளர்வு இருக்கும். எங்கள் தச்சுவேலைக்கு மூன்று நாள் தளர்வு இருந்தது. டைல்ஸ் இரண்டு நாள் தாமதமாகியிருந்தாலும் யாரும் பதறியிருக்க வேண்டியதில்லை.

சோதிக்க: ஒவ்வொரு வேலைக்கும் எதிரே "இது எதற்காகக் காத்திருக்கிறது?" என்று எழுதுங்கள். ஹென்றி காண்ட் என்ற பொறியாளர் 1910-களில் பரப்பிய பட்டைப் படத்தை எக்ஸெல்லில் வரைந்து வண்ணம் அடித்துவிட்டால் திட்டம் ரெடி என்று பலர் நினைக்கிறார்கள். பட்டைகள் மட்டும் இருந்தால் எது எப்போது என்று தெரியும். எது எதை நம்பி நிற்கிறது என்று தெரிய அம்புக்குறி வேண்டும்.

சரிசெய்ய இரண்டு வழி. ஒன்று, நெருக்கடிப் பாதையில் இருக்கும் வேலைக்கு மட்டும் காசைக் கொட்டிச் சுருக்குவது. குழாய் செய்யும் பட்டறைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து 8 நாளை 6 ஆக்கலாம். அப்போதும் ஒன்றைக் கவனியுங்கள், ஒரு சங்கிலியைச் சுருக்கினால் இன்னொன்று நீளமானதாகிவிடும். ஓ.டி. போடாமல் விட்டிருந்தால் புகைக்குழாயில் மூன்று நாளுக்கு மேல் சுருக்கிப் பயனே இல்லை, தச்சுவேலை 36-இல் நின்றிருக்கும். இரண்டாவது வழி, ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டியதைச் சேர்த்து நடத்துவது. அனுமதி வரும் முன்பே குழாயைச் செய்யத் தொடங்குவது. குழாயின் வழியை மாற்றச் சொல்லிவிட்டால் செய்ததெல்லாம் காயலான் கடைக்குத்தான். நாங்கள் பாதி வழி போனோம். எப்படியும் மாறாத நேர்க்குழாய்களை மட்டும் முன்கூட்டியே செய்து, வளைவுகளை அனுமதி வந்தபின் செய்தோம். நான்கு நாள் மிச்சம்.

"இதையும் சேத்துப் பண்ணிடுங்களேன்"

அந்தக் கடைசி "ஏன்" இருக்கிறதே, அதை மறுப்பது ரொம்பக் கஷ்டம். கட்டளை என்றால் எதிர்த்துப் பேசலாம். இது கெஞ்சல். கூடவே கையில் கோப்பி வேறு வாங்கிக் கொடுத்திருப்பார்கள்.

கைகழுவும் தொட்டியை 40 சென்டிமீட்டர் இடது பக்கம் தள்ள வேண்டும் என்றார் கடைக்காரர். சின்ன விஷயம்தானே? தண்ணீர்க் குழாய் நகர வேண்டும், கழிவுக் குழாய் நகர வேண்டும், அதற்காக ஒட்டிய டைல்ஸை உடைக்க வேண்டும் (லாட் எண் ஞாபகம் இருக்கிறதா), பக்கத்து அலமாரியின் அளவு மாறும், பட்டறையில் பலகை ஏற்கனவே வெட்டியாகிவிட்டது. 40 சென்டிமீட்டர் நான்கு பேருடைய வேலைக்குள் போய்த் தலையை நீட்டியது. இதை ஸ்கோப் க்ரீப் என்பார்கள். எல்லை ஊர்ந்துபோவது. ஊர்வதால்தான் யாருக்கும் தெரிவதில்லை.

சரிசெய்ய "முடியாது" என்று சொல்ல வேண்டியதில்லை. "செய்யலாம் அண்ணே, சாயங்காலத்துக்குள்ள எவ்வளவு, எத்தனை நாள்னு எழுதித் தர்றேன்" என்று சொன்னால் போதும். சைட்டில் வி.ஓ. என்று சொல்கிறோமே, அந்த மாற்ற ஆணைத் தாளில் நான்கே விஷயம்: என்ன மாற்றம், எவ்வளவு வெள்ளி, எத்தனை நாள், யார் கையெழுத்து. பாதிப் பேர் தாளைப் பார்த்ததும் "வேண்டாம், இருக்கட்டும்" என்றுவிடுவார்கள். மீதிப் பேருக்கு உண்மையிலேயே அது வேண்டும், அவர்கள் காசைக் கொடுத்துவிடுவார்கள். இலவசமாகச் செய்து கொடுப்பதாக இருந்தாலும் தாளை எழுதுங்கள், தொகை 0 வெள்ளி என்று போடுங்கள். எழுதாத உதவி ஆறாவது வாரத்தில் உரிமையாகிவிடும்.

நாமே எல்லையைத் தாண்டுவதும் உண்டு. கேட்காமலேயே அலமாரிக்கு உள்விளக்குப் போட்டுக் கொடுத்த ஒரு தச்சர் எங்களிடம் இருந்தார். நல்ல மனுஷன். மின்சாரக்காரர் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

"பார்த்துக்கலாம்"

தமிழில் இதைவிட ஆபத்தான ஒற்றைச் சொல்லை நான் கேட்டதில்லை. இதில் எழுவாய் இல்லை. யார் பார்ப்பது? எழுத்துத் தமிழில் இதற்கு ஒரு பங்காளி உண்டு. கூட்டக் குறிப்பில் "அனுமதி பெறப்படும்", "பொருள்கள் வாங்கப்படும்" என்று வரும். யாரால் என்பது அந்தப் "படும்"-க்குள் காணாமல் போயிருக்கும்.

இதற்குச் சைட்டை விட்டு வெளியே வருகிறேன். சில வருடம் முன்பு, நான் தொண்டூழியம் செய்யும் ஒரு குழு சமூக மன்றம் ஒன்றில் பொங்கல் விழா நடத்தியது. மூன்று முறை கூட்டம் போட்டோம். குறிப்பில் "கரும்பு ஏற்பாடு செய்யப்படும்" என்று தெளிவாக எழுதியிருந்தது. விழா அன்று காலை ஆறு மணிக்குப் பானை வந்தது, அரிசி வந்தது, கோலம் போட அக்காமார் நான்கு பேர் வந்தார்கள். கரும்பு வரவில்லை. செயலாளர் பொருளாளரைப் பார்த்தார், பொருளாளர் என்னைப் பார்த்தார். நான் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் பானையைப் பார்த்தேன். அப்புறம் ஒரு தம்பி டாக்ஸி பிடித்துத் தேக்கா சந்தைக்கு ஓடினான்.

சோதிக்க: உங்கள் கடைசிக் கூட்டக் குறிப்பை எடுத்து "படும்" என்று முடியும் வரிகளை எண்ணுங்கள். அத்தனையும் கரும்புதான்.

சரிசெய்ய: ஒவ்வொரு வரியையும் ஒரு ஆளின் பெயரில் தொடங்கி ஒரு கிழமையில் முடியுங்கள். "குமார் கரும்பு எட்டுக் கட்டு வாங்குவார், செவ்வாய் மாலைக்குள்." ஒரு வரிக்கு ஒரு பெயர்தான். இரண்டு பெயர் எழுதினால் யாருமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வேலைகளில் ஒவ்வொரு வேலைக்கும் செய்பவர், பதில் சொல்ல வேண்டியவர், கலந்து பேச வேண்டியவர், தகவல் மட்டும் போதுமானவர் என்று நான்கு கட்டம் போட்ட அட்டவணை வைப்பார்கள். ரேசி என்பது அதன் பெயர். முழு அட்டவணையும் சின்ன வேலைக்குத் தேவையில்லை. பதில் சொல்ல வேண்டியவர் என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கக் கூடாது.

"இன்னும் நாலு ஆள் அனுப்புறேன்"

நல்லெண்ணத்தில் வரும் தொல்லை இது. பெயிண்ட் அடிப்பது, சாமான் தூக்குவது மாதிரி பிரித்துக் கொடுக்கக்கூடிய வேலைக்கு ஆள் கூடினால் வேகம் கூடும். ஒருவர் தலையில் இருப்பதை இன்னொருவருக்கு விளக்கியாக வேண்டிய வேலையில் அப்படி நடக்காது. ஐபிஎம்மில் பெரிய மென்பொருள் திட்டம் ஒன்றை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று 1975-இல் எழுதினார். கணக்கு இதுதான். நான்கு பேர் இருந்தால் ஒருவருக்கொருவர் பேச 6 இணைப்பு. ஒன்பது பேர் ஆனால் 36.

வந்த நான்கு பேருக்கு எது எங்கே இருக்கிறது என்று காட்டப் போவது யார்? ஏற்கனவே வேகமாக வேலை செய்துகொண்டிருந்த அந்த ஒரு ஆள்தான்.

"எதுக்கும் ரெண்டு வாரம் சேத்துப் போட்டிருக்கேன்"

கேட்க நிம்மதியாக இருக்கும். பழுது என்றே தோன்றாது. ஆனால் தச்சர் இரண்டு வாரம் சேர்த்துப் போடுவார், மின்சாரக்காரர் ஒரு வாரம் சேர்ப்பார், மேற்பார்வையாளர் எல்லாவற்றையும் கூட்டி மேலே இன்னொரு வாரம் போடுவார். முதலாளி இதெல்லாம் தெரிந்தவர் மாதிரி மூன்று வாரத்தை வெட்டுவார். கடைசியில் தாளில் இருக்கும் எண் யாருடைய எண்ணும் இல்லை.

அதோடு, சேர்த்துப் போட்ட நாள் மிச்சமாவதே இல்லை. ஒதுக்கிய நேரம் முழுவதையும் நிரப்பும் அளவுக்கு வேலை விரிந்துகொடுக்கும் என்று பார்க்கின்சன் என்பவர் 1955-இல் த இகானமிஸ்ட் இதழில் கிண்டலாக எழுதினார். அது பார்க்கின்சன் விதி என்று உலகம் முழுக்கப் போய்விட்டது. எழுதியபோது அவர் இருந்தது நம் ஊரில்தான். அன்றைக்குச் சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். வேலை விரிவதை அவர் இந்த ஊரிலும் கொஞ்சம் பார்த்திருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சரிசெய்ய: ஒரே எண்ணைக் கேட்காமல் மூன்று எண் கேளுங்கள். எல்லாம் நல்லபடியாகப் போனால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை, ரொம்ப மோசமாகப் போனால் எத்தனை? எங்கள் தச்சர் 10, 14, 24 என்றார். நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் 15. அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958-இல் வந்த பெர்ட் முறையின் கணக்கு இது. எண்ணைவிட, அந்த 24-ஐச் சொன்னபோது அவர் கொடுத்த காரணம்தான் எனக்குப் பயன்பட்டது: "சாயப் பலகை ஸ்டாக் இல்லைன்னா வெளிநாட்டுலேர்ந்து வரணும்." அன்று மாலையே ஸ்டாக் இருக்கும் நிறமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம்.

சேர்க்க வேண்டிய உபரி நாளை ஒவ்வொருவர் பையிலும் ஒளிக்காமல், மொத்தமாகத் திறப்பு நாளுக்கு முன்னால் வெளிப்படையாக வையுங்கள். அதை எடுக்க வேண்டுமானால் எல்லார் முன்னாலும் கேட்டு எடுக்கட்டும்.

நாள் கணக்குப் போடும்போது ஊர் விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் சுவர் உடைப்பது மாதிரியான பெருஞ்சத்த வேலையை வார நாளில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் செய்யலாம். சனி, ஞாயிறு, பொது விடுமுறையில் கிடையாது. வியாழக்கிழமை தொடங்கும் மூன்று நாள் வேலை திங்கட்கிழமைதான் முடியும். சனிக்கிழமையையும் சேர்த்து எண்ணியவர் அண்டை வீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

"பட்ஜெட்டுக்குள்ளதான் இருக்கோம்"

எட்டு வாரம், 60,000 வெள்ளி என்று ஒரு வேலை. நான்காவது வாரம் முடிகிறது. இதுவரை செலவு 33,000. பாதி நாள், பாதிக் காசுக்குக் கொஞ்சம் மேலே, பரவாயில்லை என்று தோன்றும். தோன்றக் கூடாது.

மூன்றாவது எண் ஒன்று வேண்டும்: இதுவரை முடிந்த வேலையின் மதிப்பு. 0, 100 மதிப்பெண் போட்ட அந்தத் துண்டுகளை எடுத்து, முடிந்தவற்றின் திட்டமிட்ட தொகையைக் கூட்டுங்கள். 24,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்நேரம் 30,000 வெள்ளிக்கு வேலை முடிந்திருக்க வேண்டும், 24,000-க்குத்தான் முடிந்திருக்கிறது. அதையும் 33,000 கொடுத்து வாங்கியிருக்கிறோம். இதே போக்கில் போனால் மொத்தச் செலவு 60,000-ஐ 33-ஆல் பெருக்கி 24-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 82,500 வெள்ளி. ஈட்டிய மதிப்பு என்று இந்தக் கணக்குக்குப் பெயர். நான்காவது வாரத்தில் தெரிந்தால் ஏதாவது செய்யலாம். ஏழாவது வாரத்தில் தெரிந்தால் கடன்தான் வாங்கலாம்.

"யாருக்குத் தெரியும் இப்படி ஆகும்னு?"

பெரும்பாலும் எல்லாருக்கும் தெரியும். எங்கள் தச்சுப் பட்டறை கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜொகூரில் இருக்கிறது. சீனப் புத்தாண்டுக்குப் பொது விடுமுறை இரண்டு நாள்தான், ஆனால் பட்டறை இரண்டு வாரம் மூடியிருக்கும், அதற்கு முந்திய வாரம் புது ஆர்டர் எடுக்க மாட்டார்கள். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை. பள்ளி விடுமுறை தொடங்கினால் கடற்பாலத்தில் லாரி நகராது. இதில் எது எதிர்பாராதது?

வேலை தொடங்கும்போதே குழுவை உட்காரவைத்து ஒரு கேள்வி கேளுங்கள்: "மூணு மாசம் கழிச்சு இந்த வேலை ஊத்திக்கிச்சு. எதனால?" பத்து நிமிடத்தில் பதினைந்து காரணம் வரும். நடக்க வாய்ப்பு எவ்வளவு, நடந்தால் அடி எவ்வளவு என்று பார்த்து முதல் ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரையும் (கரும்பு!) ஒரு முன்னேற்பாட்டையும் எழுதுங்கள். பதினைந்தையும் எழுதி வைத்தால் யாரும் திரும்பிப் படிக்க மாட்டார்கள்.

"நான் இப்படியா கேட்டேன்?"

இது ஒப்படைக்கும் நாளில் வரும். வரைபடத்தில் கையெழுத்து இருக்கும், வி.ஓ. தாள் எல்லாம் கோப்பில் இருக்கும், சட்டப்படி நம் பக்கம் தப்பே இருக்காது. இருந்தாலும் எதிரே நிற்பவர் முகம் தொங்கிப்போயிருக்கும்.

கடைக்காரருடைய அம்மாதான் தோசைக்கல்லில் நிற்கப் போகிறவர். திறப்புக்கு நான்கு நாள் முன்னால் வந்தார். மேடைக்கு முன்னால் நின்று, கையை நீட்டிப் பார்த்தார், தோளைத் தூக்கிப் பார்த்தார். "தம்பி, ரொம்ப ஒசரமா இருக்கேப்பா." மேடை 900 மில்லிமீட்டர், வரைபடத்தில் உள்ளபடி ஒரு மில்லிகூட மாறவில்லை. அதில் மகன் கையெழுத்துப் போட்டிருந்தார். அம்மா ஐந்தடிகூட இல்லை. 900 என்ற எண்ணைப் பார்த்து அவருடைய தோள் வலிக்குமா என்று யாருக்குத் தெரியும்? அன்றைக்கு மாடியை விட்டுவிட்டு, அங்கே போக வேண்டிய தச்சர்களைக் கீழே இறக்கி மேடைக்கால்களை அறுத்தோம்.

இங்கே பழுது, யாரிடம் கேட்டோம் என்பதில் இருக்கிறது. காசு கொடுப்பவர், கையெழுத்துப் போடுபவர், தினமும் பயன்படுத்தப் போகிறவர் மூவரும் பல நேரம் மூன்று ஆட்கள். மூன்றாவது ஆள் எந்தக் கூட்டத்துக்கும் வந்திருக்க மாட்டார். முதல் வாரத்திலேயே அவரைத் தேடிப் பிடியுங்கள். அவரிடம் வரைபடத்தைக் காட்டாதீர்கள், பொருளைக் காட்டுங்கள். மென்பொருள் என்றால் பாதி வேலை செய்யும் திரையையாவது காட்டுங்கள்.

அதற்கடுத்த சாப்பாட்டுக் கடை வேலையில், பலகை வெட்டும் முன்பே காலி டைல்ஸ் பெட்டிகளை மேடை மாதிரி அடுக்கி, மேலே ஒரு பிளைவுட் போட்டு, சமையல்கார அண்ணனை வரச் சொன்னேன். கையில் தோசைக் கரண்டியைக் கொடுத்தேன். காற்றிலேயே நாலு தோசை வார்த்துத் திருப்பிப் போட்டார். ஒரு பெட்டியை எடுக்கச் சொன்னார், பிறகு பாதியாவது வையுங்கள் என்றார். நின்ற உயரத்தைச் சுவரில் பென்சிலால் 860 என்று எழுதி, அதற்குக் கீழேயே அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.